தரவுத்தள வடிவமைப்பும் கூற்றுரிமையும்: ஒரு சமுதாயவியல் நோக்கு

கணினித்துறைப் பட்டப்பின் படிப்புகளில் இன்று தவறாது இடம்பெறும் பாடங்களுள் ஒன்று தரவுத்தள வடிவமைப்பாகும். அதன் அடுத்த படியாக நிறுவனத் தரவு முகாமைத்துவம் என்னும் பாடமும் கற்பிக்கப்படுகின்றது. முன்னையது, ஒரு துறை சார்ந்த செய்திகளை எவ்வாறு ஒழுங்குபடுத்திச் சேமிப்பது என்பதைக் கூறுவது. பின்னையது, பெருநிறுவனமொன்றின் பல பிரிவுகளிலும் சிதறிக் கிடக்கும் செய்திகளை எவ்வாறு ஒருமைப்படுத்திக் காப்பது, அவற்றுக்கு யார் பொறுப்பாவது என்பவற்றைக் கூறுவது. வங்கிக் கணக்கு, மருத்துவமனைக் குறிப்பேடு, வாக்காளர் இடாப்பு, பரீட்சைப் பெறுபேறு, சம்பளப் பட்டியல் முதலியன பெரும்பாலும் இப்பாடங்கள் வகுத்த நெறிகளின்படியே இன்று அமைகின்றன. ஆதலின் இவற்றைக் கணினியியலாளருக்கு மட்டுமே உரிய நுட்பச் செய்திகளென ஒதுக்கிவிட இயலாது.

இலக்கிய மாணவராகிய எமக்கு இத்துறையில் என்ன அலுவல் என்ற வினா எழலாம். தரவுத்தளம் என்பது, அதன் கோட்பாட்டாளர்களே விளக்குமாறு, கூற்றுகளின் தொகுதியாகும். கூற்று எதுவாயினும் அதனைக் கூறுவோர் ஒருவர் உளர். கேட்போர் ஒருவர் உளர். கூறும் உரிமை சிலருக்கு உண்டு, சிலருக்கு இல்லை. அகப்பாடலொன்றை நாம் கற்கத் தொடங்கும்போது, இது யார் கூற்று என்பதையே முதலிற் கேட்கின்றோம். தரவுத்தள வடிவமைப்பைக் கற்பிக்கும் வகுப்பறையில் இவ்வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. கூற்றின் இலக்கணம் நுணுக்கமாகக் கற்பிக்கப்படுகின்றது, கூறுவோர் மறைந்துவிடுகின்றார். இம்மறைவு எவ்வாறு நிகழ்கின்றது, அதன் விளைவுகள் யாவை என்பவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் எல்லையாகும்.

1. வரலாற்றுப் பின்னணி

பெருந்தொகையான மக்களையும் பொருள்களையும் பற்றிய செய்திகளை இயந்திரத்தின் துணைகொண்டு கணிக்கும் முயற்சி, அரசினதும் பெருமுதலினதும் தேவைகளிலிருந்து தோன்றியது. 1890ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்கக் குடிசன மதிப்பீட்டில் ஹேர்மன் ஹொலரித் என்பாரின் துளையட்டை இயந்திரம் பயன்படுத்தப்பட்டது. ஒவ்வொரு மனிதரும் ஓர் அட்டையாயினர். அவரது வயது, பால், இனம், தொழில் என்பன துளைகளாயின. ஹொலரித் 1896இல் நிறுவிய கம்பனி 1911இல் வேறு நிறுவனங்களுடன் இணைந்து, 1924இல் ஐ.பி.எம். என்னும் பெயரைப் பெற்றது. அரசின் கணிப்புத் தேவையும் வணிக நிறுவனத்தின் வளர்ச்சியும் தொடக்கத்திலேயே பிணைந்திருந்தமை இதனாற் புலனாகும்.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் கணினிகள் வணிகத்துறையிற் புகுந்தபோது, செய்திகளைச் சேமிக்கும் முறைகள் விரிவடைந்தன. 1960களின் முற்பகுதியில் ஜெனரல் எலெக்ரிக் நிறுவனத்திற் பணியாற்றிய சார்ல்ஸ் பக்மன், பதிவுகளை ஒன்றோடொன்று வலைபோலப் பிணைக்கும் முறையொன்றை உருவாக்கினார். அதே தசாப்தத்தின் பிற்பகுதியில் அப்பலோ விண்வெளித் திட்டத்தின் எண்ணற்ற உறுப்புகளைக் கணக்கிடும் தேவைக்காக ஐ.பி.எம்., நோர்த் அமெரிக்கன் றொக்வெல் நிறுவனத்தாருடன் சேர்ந்து, தாய்க்குக் கீழே சேய் என்னும் படிநிலை வரிசையிற் பதிவுகளை அடுக்கும் முறையொன்றை அமைத்தது.

இம்முறைகள் இரண்டிற்கும் பொதுவான குறைபாடொன்று இருந்தது. ஒரு செய்தியைப் பெற விரும்புபவர், அது எங்கே, எவ்வழியாகச் சேமிக்கப்பட்டுள்ளது என்பதை அறிந்திருத்தல் வேண்டும். சேமிப்பு முறையில் மாற்றம் ஏற்பட்டால், அதனை நம்பி எழுதப்பட்ட நிரல்களையும் மாற்ற நேர்ந்தது. நிறுவனங்கள் பெருகப் பெருக இத்திருத்த வேலைக்கான உழைப்பும் செலவும் பெருகின. கோட்பாட்டு மாற்றமொன்றுக்கான பொருளியற் சூழல் இவ்வாறு உருவாயிற்று.

2. கொட்டின் மாதிரி

1970ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹொசே ஆய்வுகூடத்திற் பணியாற்றிய எட்கார் கொட் வெளியிட்ட கட்டுரையே தொடர்புநிலை மாதிரியின் தோற்றுவாயாகும். இங்கிலாந்தில் 1923இற் பிறந்த கொட், அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்திற் சேர்ந்து, 1953இல் செனற்றர் மக்கார்த்தியின் இடதுசாரி வேட்டையில் வெறுப்புற்றுக் கனடாவுக்குச் சென்று சில ஆண்டுகள் வாழ்ந்தவர் என்பது முற்போக்கு வாசகர் நினைவிற் கொள்ளத்தக்கது. அவர் 1981இல் கணினித்துறையின் மிக உயர்ந்த விருதாகக் கருதப்படும் ரூறிங் விருதைப் பெற்று, 2003இற் காலமானார்.

இம்மாதிரியின் பெயர் குறித்து மாணவரிடையே நிலவும் மயக்கமொன்றை முதலில் நீக்குதல் நன்று. அட்டவணைகளைத் தம்முள் தொடர்புபடுத்துவதால் இப்பெயர் வந்ததெனப் பலர் கருதுவர். அது தவறு. கணிதத்தின் கணக்கோட்பாட்டில் 'தொடர்பு' என்பதற்குத் தனிப்பொருள் உண்டு. ஒவ்வோர் அட்டவணையுமே ஒரு தொடர்பாகும். அட்டவணையின் தலைப்பு ஒரு வாக்கியச் சட்டகத்தைத் தருகின்றது. ஒவ்வொரு வரிசையும் அச்சட்டகத்தில் இன்ன பெறுமானங்களை இட்டு நிரப்பிய ஒரு கூற்றாகின்றது. 'இன்ன இலக்கமுடைய மாணவர், இன்ன பாடத்தில், இன்ன புள்ளி பெற்றார்' என்பது சட்டகம். ஆயிரம் வரிசைகள் இருப்பின், உண்மையென உறுதி கூறப்பட்ட ஆயிரம் கூற்றுகள் உள்ளன என்பதே பொருள்.

கொட்டின் சாதனை இதில் அடங்கியிருந்தது. கூற்றுகள் எவ்விடத்திற் சேமிக்கப்பட்டுள்ளன என்பதை அறியாமலே, எவை வேண்டும் என்பதை மட்டும் தருக்க மொழியிற் கேட்டுப் பெறலாம் என்று அவர் நிறுவினார். வழியைக் கூறுதல் இயந்திரத்தின் வேலையாயிற்று. வேண்டுவதைக் கூறுதல் மனிதரின் வேலையாயிற்று. டொனால்ட் சேம்பலின், றேமண்ட் பொய்ஸ் ஆகியோர் 1974இல் வெளியிட்ட வினவல் மொழி, பின்னர் எஸ்.கியூ.எல். எனப் பெயர் பெற்று, 1986இல் அமெரிக்க நியமமாகவும் 1987இற் சர்வதேச நியமமாகவும் ஏற்கப்பட்டது. இன்றும் பட்டப்பின் மாணவர் இதனையே கற்கின்றனர். இதனை விடுதலைப் பண்புடைய ஒரு மாற்றமெனக் கொள்வதில் எமக்குத் தடையில்லை. சேமிப்பின் இரகசியங்களை அறிந்த சிலரின் தனியுரிமை இதனால் ஓரளவு தளர்ந்தது.

ஆயினும் இவ்வறிவின் பயன் யாரைச் சென்றடைந்தது என்பதும் நோக்கற்பாலது. ஐ.பி.எம். நிறுவனத்துக்குத் தன் பழைய படிநிலை முறையிலிருந்து வருவாய் கிடைத்துக்கொண்டிருந்தது. தன் ஆய்வாளரின் கண்டுபிடிப்பைச் சந்தைப்படுத்த அது விரையவில்லை. கொட்டின் கட்டுரையும் அதனையொட்டிய ஆய்வறிக்கைகளும் வெளிப்படையாக அச்சாகியிருந்தமையால், 1977இல் நிறுவப்பட்டுப் பின்னர் ஒறக்கிள் எனப் பெயர் பெற்ற கம்பனி, 1979இலேயே தன் விற்பனைப் பண்டத்தை வெளியிட்டது. ஐ.பி.எம். 1981இலேயே தனதை விற்கத் தொடங்கியது. மறுபுறம், 1973இல் பேர்க்லி கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தில் மைக்கல் ஸ்ரோன்பிறேக்கர், யூஜின் வொங் ஆகியோர் பொதுப்பணத்தின் உதவியுடன் தொடங்கிய இங்கிறெஸ் திட்டம், பல வணிக நிறுவனங்களுக்கு அறிவையும் ஆளணியையும் வழங்கியது. அதன் வழித்தோன்றலாக 1986இல் தொடங்கப்பட்ட போஸ்ற்கிறெஸ், 1996இல் போஸ்ற்கிறெஸ்கியூஎல் எனப் பெயர் மாற்றம் பெற்று, உலகெங்குமுள்ள நிரலாளரின் கூட்டுழைப்பால், எவரும் விலையின்றிப் பயன்படுத்தவும் திருத்தவும் கூடிய பொதுச் சொத்தாக இன்றும் வாழ்கின்றது. ஒரே அறிவு ஒருபுறம் தனியுடைமையாகவும் மறுபுறம் பொதுவுடைமையாகவும் வளர்ந்தமை, உற்பத்திச் சக்திகளுக்கும் உடைமை உறவுகளுக்கும் இடையிலான முரண்பாட்டுக்கு எம் காலத்துச் சான்றாகும்.

3. வடிவமைப்பும் உலக நோக்கும்

தரவுத்தள வடிவமைப்புப் பாடத்தின் மையம் இரண்டு. ஒன்று, 1976இல் பீற்றர் சென் முன்வைத்த நிலைபொருள் - உறவு வரைபடம்: எவற்றைப் பற்றிச் செய்தி சேமிக்கப்போகின்றோம், அவை தம்முள் எவ்வாறு உறவுடையன என்பதைப் படமாக வரைதல். மற்றையது, கொட் தொடக்கிவைத்த இயல்பாக்கம்: ஒரே செய்தி பலவிடங்களில் திரும்பத் திரும்ப வாராதவாறு அட்டவணைகளைப் பிரித்தல்.

எமது துறையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். நூலகமொன்று தன் தமிழ் நூல்களுக்கு அட்டவணை அமைக்கின்றது. நூற்பெயர், ஆசிரியர், ஆசிரியரின் ஊர், பதிப்பகம், பதிப்பகத்தின் முகவரி என்பன ஒரே அட்டவணையில் உள்ளன எனக் கொள்வோம். ஒரு பதிப்பகத்தின் நூறு நூல்கள் இருப்பின், அதன் முகவரி நூறு தடவை எழுதப்படும். முகவரி மாறினால் நூறு இடங்களில் திருத்தவேண்டும். ஓரிடம் தவறினாலும் தரவுத்தளம் தனக்குத்தானே முரண்படும். அப்பதிப்பகத்தின் ஒரே நூலை நீக்க நேர்ந்தால் முகவரியும் சேர்ந்து அழியும். ஆதலின் பதிப்பகங்களைத் தனி அட்டவணையிற் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு முதன்மைச் சாவி வழங்கி, நூல் அட்டவணையில் அச்சாவியை மட்டும் குறிப்பர். இதுவே இயல்பாக்கத்தின் சாரம்.

இதுவரை எல்லாம் தருக்கமே. ஆனால் இத்தருக்கத்தின் அடியில் ஓர் எடுகோள் உண்டு: ஒரு பதிப்பகத்துக்கு ஒரு முகவரியே உண்டு. ஒன்றை அறிந்தால் மற்றொன்று தீர்மானமாகின்றது என்னும் இத்தகைய விதிகளை வடிவமைப்பாளர் சார்புநிலைகள் என்பர். இவற்றைத் தரவிலிருந்து கணித முறையில் நிரூபிக்க இயலாது. உலகம் இவ்வாறுதான் உள்ளது என்று எவரோ ஒருவர் கூறவேண்டும். பதிப்பகத்தின் முகவரியில் இது பெரிய சிக்கலன்று. 'ஓர் ஆசிரியருக்கு ஓர் ஊர்' என்ற விதியை எடுத்துக்கொண்டால் நிலைமை வேறாகின்றது. தீவகத்திற் பிறந்து, யாழ்ப்பாண நகரிற் கற்று, போரினால் இடம்பெயர்ந்து, வன்னியில் வாழ்ந்து, ரொறன்ரோவில் நூல் வெளியிடும் ஆசிரியருக்கு ஊர் எது? ஒரு கட்டத்தில் ஒரே பெறுமானம் என்னும் விதி, அவர் வாழ்க்கையின் வரலாற்றையே ஒரு சொல்லாகக் குறுக்கிவிடுகின்றது.

ஆசிரியரை அடையாளப்படுத்தும் சாவி குறித்தும் இத்தகைய சிக்கல் உண்டு. ஔவையார் என்ற பெயரில் வழங்கும் பாடல்கள் வெவ்வேறு காலத்தவை. அவற்றைப் பாடியோர் ஒருவரல்லர் என்பதே இலக்கிய வரலாற்றாசிரியரின் பொதுவான கருத்து. ஆயின் எத்தனை பேர் என்பதில் முடிந்த முடிபில்லை. ஆய்வாளர் ஐயத்தை ஐயமாகவே விட்டுவைக்கலாம். அட்டவணைக்கு அது இயலாது. எத்தனை வரிசைகள் என்பதை அது தீர்மானித்தே ஆகவேண்டும். நாட்டார் பாடலுக்கு வரும்போது ஆசிரியர் என்னும் கட்டம் வெறுமையாகின்றது. இவ்வெறுமையின் பொருள் என்ன? ஆசிரியர் இருந்தார், பெயர் தெரியவில்லை என்பதா? அன்றி, ஒரு சமூகமே கூடிப் பாடிய பாட்டுக்குத் தனி ஆசிரியர் என்னும் கருத்தே பொருந்தாது என்பதா? கொட் இவ்வேறுபாட்டை உணர்ந்திருந்தார். பொருந்தும் ஆனால் தெரியாது, பொருந்தவே பொருந்தாது என்று வெற்றுப் பெறுமானத்தை இருவகையாகக் குறிக்கவேண்டுமென 1990இல் வெளிவந்த தம் நூலில் அவர் வற்புறுத்தினார். எஸ்.கியூ.எல். நியமம் ஒரே வெறுமையையே ஏற்றது. தனியாசிரியர் என்னும் கருத்தை இயல்பானதாகக் கொண்ட சமுதாயத்தின் அட்டவணையில், கூட்டுப் படைப்பு ஒரு குறைபாடாகவே தோன்றும்.

4. மூடிய உலகம்

தரவுத்தளக் கோட்பாட்டில் இதனினும் ஆழமான எடுகோளொன்றுண்டு. கனடிய அறிஞர் றேமண்ட் றைற்றர் 1978இல் அதனைத் தெளிவாக வரையறுத்தார். மூடிய உலக எடுகோள் என அது வழங்கும். தரவுத்தளத்திற் காணப்படாத கூற்று பொய்யெனக் கொள்ளப்படும் என்பதே அது. புகையிரத நேர அட்டவணையை எடுத்துக்கொள்வோம். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நள்ளிரவு ஒரு மணிக்கு வண்டியில்லை என்று அவ்வட்டவணை எங்கும் கூறாது. வண்டியுண்டு என்ற வரிசை இல்லாமையால், இல்லை என்று நாம் முடிவு செய்கின்றோம். இம்முடிவு சரியானதே. ஏனெனில் வண்டிகளை ஓட்டும் திணைக்களமே அட்டவணையையும் எழுதுகின்றது. தான் எழுதாத வண்டியை அது ஓட்டுவதில்லை.

மனிதரைப் பற்றிய பதிவேட்டில் இந்நிலை இல்லை. பிறப்பவர் ஒருவர், பதிபவர் வேறொருவர். பதிவேட்டில் இல்லாதது உலகில் இல்லை என்று இங்கு கூறுவது தருக்கமன்று, அதிகாரமாகும். கணினி இத்தீவில் வேரூன்றுவதற்குப் பல தசாப்தங்களுக்கு முன்னரே இவ்வெடுகோளின் கொடுமையை எமது நாட்டின் ஒருசாரார் அனுபவித்துள்ளனர்.

1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் தமிழர், 'இலங்கைத் தமிழர்', 'இந்தியத் தமிழர்' என முதன்முறையாக இரு வகுப்பினராகப் பிரித்துக் கணக்கிடப்பட்டனர். வடிவமைப்பாளரின் மொழியிற் கூறுவதாயின், ஒரு பண்பின் பெறுமானங்கள் இரண்டாக்கப்பட்டன. அது அன்று கணிப்பு வசதிக்கான பகுப்பாகவே தோன்றியிருக்கலாம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அப்பகுப்பின் பெயரைக் கூறாமலே அதன் பயனைப் பெற்றது. இந்நாட்டிற் பிறந்தவரும் வம்சாவழிப் பிரசையாவதற்கு, தந்தை இலங்கையிற் பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தவர்கள் என்றோ காட்டவேண்டியிருந்தது. தேயிலைத் தோட்டங்களில் லயன் அறைகளிற் பிறந்து, அங்கேயே இறந்தோரின் பிள்ளைகளிற் பலரிடம் அத்தகைய ஆவணம் இருக்கவில்லை. அவர்கள் உழைத்த நாட்களைத் தோட்டத்துச் செக்ரோல் பதிந்தது; பறித்த கொழுந்தின் நிறையைத் தராசு பதிந்தது. உழைப்பைப் பற்றிய பதிவு ஒழுங்காக இருந்தது. உரிமையைப் பற்றிய பதிவு இருக்கவில்லை. எப்பதிவு பேணப்பட்டது, எப்பதிவு பேணப்படவில்லை என்பதை மூலதனத்தின் தேவையே தீர்மானித்தது.

விளைவு யாவரும் அறிந்ததே. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் நாடற்றோராய் நின்ற 975,000 பேர் எண்களாகப் பங்கிடப்பட்டனர்: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பின்னர் தீர்மானிப்பதற்கு. அவ்வெஞ்சியோரும் 1974இல் இரு நாடுகளுக்குமிடையிற் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். எஞ்சிய நாடற்றோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது. 1911இல் ஒரு கட்டத்தில் இடப்பட்ட பெறுமானமே இவ்வவலம் அனைத்துக்கும் காரணமெனக் கூறுவது மிகையாகும். வர்க்க அச்சமும் இனவாத அரசியலுமே அடிப்படைக் காரணங்கள். ஆயினும் அவ்வரசியலுக்கு ஏற்ற கருவியைப் பதிவேடு ஆயத்தமாக வைத்திருந்தது என்பதை மறுத்தற்கியலாது. பகுப்பு என்பது உலகைக் காட்டுவது மட்டுமன்று, உலகை ஆக்குவதுமாகும்.

5. நிறுவனமும் அதன் உண்மையும்

அரசின் பதிவேட்டிற் கண்ட இவ்வதிகாரம் இன்று வணிக நிறுவனத்தின் தரவுத்தளத்திற்கும் உரியதாயுள்ளது. நிறுவனத் தரவு முகாமைத்துவத்தை இப்பின்னணியில் நோக்குதல் வேண்டும். பெருநிறுவனமொன்றில் விற்பனைப் பிரிவு ஒரு தரவுத்தளத்தையும் கணக்குப் பிரிவு வேறொன்றையும் வைத்திருக்கும். ஒரே வாடிக்கையாளர் இரண்டிலும் இரு பெயர்களில் இருப்பார். இவற்றைச் சேர்த்து ஆராய்வதற்கான தரவுக் களஞ்சியம் பற்றிய வில்லியம் இன்மனின் நூல் 1992இல் வெளிவந்தது. தரவு முகாமையாளரின் சர்வதேச சங்கமான டாமா, இத்துறைக்கான பொது அறிவுத் தொகுதியை 2009இலும் அதன் இரண்டாம் பதிப்பை 2017இலும் வெளியிட்டது. தரவின் தரம், பாதுகாப்பு, மூலத் தரவு, ஆளுகை எனப் பலவும் அதில் விரிவாகப் பேசப்படுகின்றன. இவை பயனற்றவை அல்ல. தவறான மருந்துப் பதிவு உயிரைப் பறிக்கும். முரண்பட்ட கணக்கு ஊழியரின் சேமலாப நிதியை விழுங்கும்.

ஆனால் இத்துறையில் அடிக்கடி ஒலிக்கும் இலட்சியமொன்று எமது கவனத்துக்குரியது. நிறுவனம் முழுவதற்கும் ஒரே உண்மை வேண்டும் என்பதே அது. ஒரே உண்மை என்பது நடைமுறையில் யாருடைய உண்மை? தரவுக்கு 'உடைமையாளர்' ஒருவரை நியமிக்கவேண்டுமென இத்துறை கூறும். அவர் பொதுவாக அத்தரவைப் பயன்படுத்தும் பிரிவின் தலைவராவார். தரவு யாரைப் பற்றியதோ அவரோ, நாள்தோறும் அதனைப் பதியும் ஊழியரோ உடைமையாளராகக் கருதப்படுவதில்லை. ஹரி பிறேவர்மன் 1974இல் வெளியிட்ட நூலில், முதலாளித்துவ உற்பத்தி முறை சிந்தித்தலையும் செய்தலையும் பிரித்து, முன்னதை முகாமையிடம் குவிப்பதை விளக்கினார். தரவின் உலகிலும் கட்டங்களை வகுப்போர் ஒரு சாராராகவும் அவற்றை நிரப்புவோர் மற்றொரு சாராராகவும் பிரிந்துள்ளனர்.

பிரித்தானியத் தபால் நிறுவனத்தில் நிகழ்ந்தது இதற்குத் துலக்கமான சான்று. 1999 முதல் அங்கு ஹொறைசன் என்னும் கணினி முறை உபதபாலகங்களிற் புகுத்தப்பட்டது. கணக்கிற் பணம் குறைகின்றது என்று அம்முறை காட்டியபோது, உபதபாலதிபர்கள் தாம் பணத்தை எடுக்கவில்லை என்றனர். பலர் தம் சேமிப்பையும் கடன் பெற்ற பணத்தையும் கொண்டு இல்லாத பற்றாக்குறையை ஈடுசெய்தனர். 1999இற்கும் 2015இற்கும் இடையில் 900இற்கும் மேற்பட்டோர் களவு, பொய்க்கணக்கு முதலிய குற்றங்களுக்குத் தண்டிக்கப்பட்டனர். சிலர் சிறை சென்றனர். சிலர் உயிரை மாய்த்துக்கொண்டனர். கணினி சரியாக இயங்கியது என்பதைச் சான்றாக அதனை முன்வைப்போர் நிறுவவேண்டும் என்றிருந்த சட்டப்பிரிவு 1999இல் இங்கிலாந்தில் நீக்கப்பட்டிருந்தமையால், இயந்திரம் சரியாகவே இயங்கியதென்ற அனுமானம் நீதிமன்றில் நிறுவனத்துக்குத் துணை நின்றது. மறுத்துரைக்கும் சுமை, முறையின் உள்ளமைப்பை அறிய வழியற்ற உபதபாலதிபர் மேல் விழுந்தது.

அலன் பேற்ஸ் என்னும் முன்னாள் உபதபாலதிபரின் தலைமையில் 555 பேர் தொடுத்த வழக்கில், ஹொறைசனின் வழுக்கள் கிளைக் கணக்குகளிற் பற்றாக்குறையைத் தோற்றுவிக்கக்கூடியவை என்றும், அதனை இயக்கிய புஜிற்சு நிறுவன ஊழியர் உபதபாலதிபர் அறியாமலே கிளைக் கணக்குகளை மாற்றக்கூடியவராய் இருந்தனர் என்றும் 2019 டிசெம்பரில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021 ஏப்ரிலில் மேன்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனைகளை நீக்கியது. 2024இல் பாராளுமன்றமே சட்டமியற்றி ஏனையோரின் குற்றத்தீர்ப்புகளை மொத்தமாக நீக்கவேண்டியதாயிற்று.

இங்கு நிகழ்ந்ததை வெறும் நிரல் வழு என்று கொள்வது போதாது. வழு எம்முறையிலும் நேரும். ஒரு வரிசை ஒரு கூற்றையும், ஓர் ஊழியர் அதற்கு எதிரான கூற்றையும் கூறியபோது, வரிசையின் கூற்றே உண்மையெனக் கொள்ளப்பட்டது. வரிசைக்குப் பின்னாலும் மனிதர் இருந்தனர்: நிரலை எழுதியோர், வழுவை அறிந்தும் வெளிப்படுத்தாதோர், கணக்கைத் தொலைவிலிருந்து திருத்தியோர். அவர்கள் பார்வைக்குப் புலப்படாமையால், கூற்று மனிதச் சார்பற்ற உண்மைபோலத் தோன்றியது. மனிதருக்கிடையிலான சமுதாய உறவு பொருள்களின் பண்புபோலத் தோற்றமளிப்பதை மார்க்ஸ் பண்டத்தில் வைத்து விளக்கினார். இக்காலத்தில் அத்தோற்ற மயக்கம் பண்டத்தோடு நின்றுவிடாது தரவிலும் உறைகின்றது. தபாலகத்தின் முகாமைக்கும் உபதபாலதிபருக்கும் இடையிலான சமனற்ற உறவு, கணக்கட்டவணையில் ஓர் எண்ணாகத் தோன்றியது.

6. கல்விக்கான சில குறிப்புகள்

தரவு என்னும் சொல் தரப்படுவது எனப் பொருள்படும். கலிப்பாவின் தொடக்க உறுப்புக்கும் அதுவே பெயர். ஆயின் மேற்கண்ட எடுத்துக்காட்டுகள் காட்டுவது போல, தரவு தானாகத் தரப்படுவதன்று, ஒரு நோக்குடன் கேட்டுப் பெறப்படுவது, சிலவேளை பறிக்கப்படுவது. இதனை உணராத வடிவமைப்பாளர், தம்மை அறியாமலே ஒரு சாராரின் கூற்றை எல்லாருக்குமான உண்மையாக்கிவிடுகின்றார்.

இதனால் தரவுத்தளக் கல்வியை நிராகரிக்கவேண்டும் என்பது எமது கருத்தன்று. உழைக்கும் மக்களுக்கும் ஒழுங்கான பதிவேடு வேண்டும். பிறப்புப் பதிவும் ஊதியப் பதிவும் இன்றி உரிமையை நிலைநாட்டுதல் கடினம் என்பதை மலையக மக்களின் வரலாறே கற்பித்துள்ளது. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டதும் ஒரு முன்னேற்றமே. தன்னைப் பற்றிய தரவைப் பார்க்கவும் திருத்தக் கோரவும் ஒருவருக்குள்ள உரிமையை அத்தகைய சட்டங்கள் ஏற்கின்றன. ஆனால் கட்டத்தின் பெறுமானத்தைத் திருத்தும் உரிமை வேறு. கட்டங்களையே வகுக்கும்போது பேசும் உரிமை வேறு. பின்னையதைச் சட்டம் மட்டும் தந்துவிடாது. வடிவமைப்பாளரின் கல்வியிலும் தொழிற்சங்கங்களின் கோரிக்கைகளிலும் அது இடம்பெறல் வேண்டும்.

அதற்கான வினாக்களை எங்கும் சென்று இரவல் பெறவேண்டியதில்லை. தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் முப்பத்துநான்கு உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன், காலம், பயன் என்பனவும் உள்ளன. செய்யுளின் பொருளை அறிய இவை இன்றியமையாதன என அவ்விலக்கண நூல் கருதியது. தரவுத்தளத்தின் ஒவ்வோர் அட்டவணையிடமும் பட்டப்பின் மாணவர் இவ்வைந்தையும் கேட்கலாம். இவ்வரிசையைக் கூறியவர் யார்? யாருக்காகக் கூறப்பட்டது? எச்சூழலிற் பதியப்பட்டது? எக்காலம்வரை அது உண்மை? எப்பயனுக்காகச் சேமிக்கப்படுகின்றது? இவற்றோடு ஆறாவதாக ஒன்றையும் நாம் சேர்ப்போம்: இதனை மறுத்துக் கூற விரும்புபவரின் கூற்றுக்கு இவ்வட்டவணையில் இடம் எங்கே?

இவ்வினாக்களுக்கு விடை காணும் நுட்பங்கள் துறைக்குள்ளேயே உள்ளன. மாற்றங்களை யார், எப்போது செய்தார் என்பதை அழியாது பேணும் குறிப்பேடுகளும், ஒரு பண்புக்குக் காலத்தோடு கூடிய பல பெறுமானங்களை ஏற்கும் வடிவங்களும், பிணக்குக்குள்ளான கூற்றைப் பிணக்குக்குள்ளானதாகவே குறிக்கும் முறைகளும் புதியனவல்ல, பாடநூல்களிற் காணப்படுவனவே. ஊழியர் பிரதிநிதியும், தரவுக்குப் பொருளானோரின் பிரதிநிதியும் வடிவமைப்பின் தொடக்கத்திலேயே அமரும் மேசையே இன்னும் குறைவாயுள்ளது. அது நுட்பத்தின் குறையன்று. உடைமை உறவின் குறையாகும். அக்குறையை நீக்குவது வகுப்பறையின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதாயினும், அது குறையென்று அறிவிப்பது வகுப்பறையின் கடமையாகும். கணினித்துறையினரும் மானிடவியற் கலைத்துறையினரும் இணைந்து இத்திசையிற் பாடவிதானங்களை மீள நோக்குவார்களாயின், அட்டவணையின் ஒவ்வொரு வரிசைக்குப் பின்னாலும் நிற்கும் மனிதர் மாணவரின் கண்ணுக்குப் புலப்படத் தொடங்குவர்.